பன்னிரண்டாம் வளைவில் அசைந்தது யார்

கைசிங், மே 6, 2018

அன்புள்ள ரோன்யா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றே கால். மார்லா இப்போதுதான் அசந்தாள். மேல் பல் இரண்டும் ஒன்றாக வருகின்றன, சாயங்காலத்திலிருந்து ஒரே அழுகை. காய்ச்சல் இல்லை என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன். நான்காவது தடவை பார்க்கப் போனபோது பக்கத்தில் படுத்திருந்த ஃபால்க் கண்ணைத் திறக்காமலேயே, "அந்தக் கருவிக்கே காய்ச்சல் வந்துடும், விடு" என்றான். விட்டுவிட்டு இங்கே சமையலறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன் முகவரியை உன் அம்மாவிடம் வாங்கினேன். பிர்னா சந்தையில் பார்த்தேன். கொடுக்க அவருக்கு மனமில்லை. நான்தான் விடவில்லை. போன் எண்ணை மாற்றிவிட்டாய், செய்திகளைத் திறப்பதில்லை. கடிதமாவது மேசை இழுப்பறையில் கிடக்கும், என்றாவது பிரிப்பாய் என்று நினைத்தேன். நாம் பேசிப் பதினாறு மாதம் ஆகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உல்மான் வீட்டுக்கு வந்தார். பயிற்சியாளர் ஒருவர் வீடு தேடி வந்து கேக் கேட்டு வாங்கித் தின்றால் காரணம் இருக்கும், இல்லையா? இரண்டாவது துண்டு முடிந்ததும் சொன்னார். வரும் பருவத்துக்குப் பனித்தடத்தில் சறுக்கும் இருவர் வண்டிகளில் மூன்றாவது காலியாக இருக்கிறதாம். குழந்தை பிறந்த பிறகும் நான் ஓட்டத் தயார் என்றால் எனக்குத் தருவதில் சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லையாம். ஆனால் பின்னால் தள்ளுவதற்கு ஆளை நானே கொண்டுவர வேண்டும். செப்டம்பர் பதினைந்தாம் தேதி தள்ளும் தேர்வு. ஜூலைக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

ரோன்யா, எனக்கு உன் பெயரைத் தவிர வேறு பெயர் வரவில்லை. முதல் ஐம்பது மீட்டரை உன்னைப் போல் தள்ளியவள் இந்த மலையில் யாருமில்லை. நீ பின்னால் ஏறி உட்காரும்போது வண்டி அதிர்வதே தெரியாது. ஒரு பூனை வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அந்த ஜனவரி விஷயத்தை நினைத்து நீ தயங்க வேண்டாம். எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். நான் மறந்துவிட்டேன்.

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். மார்லாவுக்கு மூச்சு சீராக வருகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வருகிறது.

யோசித்துச் சொல்.

உன்
ஹென்ரிக்கே


ரோஸ்டாக், மே 19, 2018

ஹென்ரிக்கே,

கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. நீ சொன்ன மாதிரியே இழுப்பறையில்தான் கிடந்தது. இன்று எனக்கு விடுமுறை, வெளியே மழை, அதனால் பிரித்தேன்.

நான் நன்றாக இருக்கிறேன். துறைமுகத்தில் வேலை. ஸ்வீடன் போகும் கப்பலுக்குள் லாரிகளை நிறுத்துவது. ஓட்டுபவர்கள் பின்பக்கமாகவே வர வேண்டும், சுவருக்கும் லாரிக்கும் இடையில் ஒரு கை அகலம்தான் இருக்கும். நான் பின்னால் நின்று கையைக் காட்டுவேன். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, என் கையை மட்டும் நம்பி நாற்பது டன்னைப் பின்னால் விடுகிறார்கள். முதல் மாதம் எனக்குக் கை நடுங்கும். "என்னம்மா, எனக்கு டாட்டா காட்டுறியா, வரச் சொல்றியா?" என்று ஒரு போலந்துக்காரர் கேட்டார். இப்போது நடுங்குவதில்லை. இங்கே எங்கு பார்த்தாலும் சமதரை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் வண்டியைத் தள்ள என்னால் வர முடியாது.

நீ மறந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். பெரிய மனசு உனக்கு. எனக்கு மறக்கவில்லை. உலகப் போட்டிக்குப் போக வேண்டிய வண்டி நம்முடையது. தேர்வில் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை, அது பன்னிரண்டாம் வளைவில் போனது. பின்னால் இருந்தவள் அசைந்ததால் போனது. மார்ச்சில் வந்த அணிப் பட்டியலில் என் பெயர் இல்லை. பட்டியலில் பெயர் இல்லையென்றால் சம்பளம் தரும் ராணுவத்து விளையாட்டுப் பிரிவிலும் இடமில்லை. அதெல்லாம் நியாயம்தான். அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை.

பட்டறைக்கு பீர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? தவறு செய்தவர் பெட்டி வாங்கி வர வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வாசலில் நின்றபோது உல்மான் வழக்கப்படி, "எந்த வளைவு?" என்று கேட்டார் பார். எல்லோருக்கும் தெரிந்ததை எல்லோர் முன்னாலும் கேட்டு, நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். "பன்னிரண்டு" என்றேன். பிறகு ஆளுக்கொரு போத்தல் எடுத்தார்கள், முதுகில் தட்டினார்கள், சிரித்தார்கள். அதோடு தீர்ந்தது என்பதுதான் வழக்கம். நீ எடுத்த போத்தல் மட்டும் கடைசிவரை ஜன்னலோரத்தில் அப்படியே இருந்தது. நான் வாங்கி வந்ததைக் குடிக்கக்கூட உனக்கு மனம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி அழுததுகூட அதற்காகத்தான், உலகப் போட்டி போனதற்காக இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், உனக்குத்தான் தெரியும். அன்று கீழே வந்ததும் உல்மானிடம் நான் தோளை அசைத்ததாகச் சொன்னாய். மறுநாள் கூட்டத்தில் தலையைத் தூக்கியதாகச் சொன்னாய். எது? பின்னால் இருப்பவளுக்கு எதுவும் தெரிவதில்லை. முழங்காலுக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டு வளைவுகளை எண்ணுகிறாள், பதினேழு முடிந்து கோட்டைத் தாண்டியதும் பிரேக்கை இழுக்கிறாள், அவ்வளவுதான். எது அசைந்தது என்று தெரிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

குழந்தையின் பல் வந்துவிட்டதா?

ரோன்யா


கைசிங், ஜூன் 2, 2018

ரோன்யா,

இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். முதலாவதில் "தோள்" என்று எழுதியிருந்தேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்து, "தோள்தான், லேசாகத்தான், பயிற்சியில் சரிசெய்துவிடலாம், வா" என்று எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும்விட்டேன்.

உறை மேசையில் இருந்தது. ஃபால்க் வேலை முடிந்து வந்தான். உனக்குத் தெரியும், குளிர்காலம் முழுக்க அவன் அந்தத் தடத்தில்தான் கிடப்பான். ஒவ்வொரு வண்டி போன பிறகும் துடைப்பமும் சுரண்டியுமாக வளைவுக்குள் இறங்கிப் பனியைச் சீர்செய்வான். கோடையில் வெறும் கான்கிரீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறான். உறைமேல் உன் பெயரைப் பார்த்தான். சூப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, பன்றிக்கறி நல்லா வெந்திருக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

"அன்னிக்குப் பன்னிரண்டுல நான்தான் இருந்தேன், தெரியுமில்ல."

தெரியும் என்றேன்.

"பின்னாடி ஆள் ஆடினா பனியில வண்டிக் கோடு அலையும். அன்னிக்கு அலையல. நேரா, ரொம்ப சீக்கிரமாவே கீழ இறங்கியிருந்துது. நான்தான் சுரண்டி மூடினேன்."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ சொல்லுவேன்னு நினைச்சேன்" என்றான். அப்புறம் சூப்பைக் குடித்தான். ஒன்றரை வருடமாக ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம், ரோன்யா.

நீ அசையவில்லை. தோளும் இல்லை, தலையும் இல்லை. நான்தான்.

அந்த ஜனவரியில் நான் எட்டு வாரக் கர்ப்பம். யாருக்கும் தெரியாது, ஃபால்க்குக்கும் தெரியாது. தேர்வுக்கு நான்கு நாள் முன்னால்தான் எனக்கே தெரிந்தது. சொன்னால் வண்டியில் ஏற விடமாட்டார்கள். ஐந்து வருடம் அந்த ஒரு போட்டிக்காக ஓடியிருக்கிறோம். போட்டி முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். மேலே நின்று, நீ தள்ளி, நான் ஏறி, பதினொன்று வரை எல்லாம் சரியாகவே போனது. நம் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல ஓட்டம். பன்னிரண்டுக்குள் நுழையும்போது வண்டி சுவரில் ஏறத் தொடங்கியது. ஏற விட்டிருக்க வேண்டும், அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், உனக்கே தெரியும். அப்போதுதான் எனக்கு வயிறு ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவைகூட வரவில்லை. வண்டியைத் திருப்பும் கயிற்றை முன்னதாகவே இழுத்துவிட்டேன். இரும்பு பனியைக் கடித்த சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது.

கீழே வந்து நின்றதும் உல்மான் ஓடி வந்து, "பன்னிரண்டுல என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. அப்போது பின்னாலிருந்து நீ கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நான் அசைஞ்சேனாடி?"

நீ என்னைத்தான் கேட்டாய். பயந்துபோய்க் கேட்டாய். நான், "லேசா" என்றேன்.

முதலில் அந்த ஒரு வார்த்தைதான். எது என்று உல்மான் கேட்டதும் தோள் என்றேன். நான் யோசித்துத் திட்டம் போடவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. அந்த நொடிக்கு அது உண்மை. ஆனால் மறுநாள் கூட்டத்தில் தலை என்று சொன்னது யோசித்துச் சொன்னதுதான். தோள் என்றால் யாராவது நம்பாமல் போய்விடுவார்களோ என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வாரம் டாக்டர் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம், எனக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. சொல்லவில்லை. குழந்தை பிறக்கட்டும் என்றேன், பிறந்த பிறகு பால் மறக்கட்டும் என்றேன்.

அந்தப் போத்தலை நான் எடுத்தது நீ பார்த்துக்கொண்டிருந்ததால். குடிக்காதது மார்லாவால். உன் பணத்தில் வாங்கி, நான் செய்ததற்காக நீ தூக்கிக்கொண்டு வந்த பெட்டி.

இதைத் திரும்பப் படிக்கப்போவதில்லை. படித்தால் இதையும் கிழித்துவிடுவேன்.

ஹென்ரிக்கே


ரோஸ்டாக், ஜூன் 9, 2018

ஹென்ரிக்கே,

உன் கடிதத்தை லாரிகளுக்கு நடுவில், இரைச்சலில் நின்று படித்தேன். நல்லதாயிற்று. வீட்டில் படித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

நான் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நீ எழுதியதற்குப் பிறகு எனக்கென்ன வெட்கம். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து குனிந்து, முழங்காலுக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டு அந்த ஓட்டத்தை முதலிலிருந்து எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டு வரும்போது உடம்பில் எது அசைகிறது என்று பார்ப்பேன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. எதுவுமே அசையாது. அசையாததால் நான் பொய்யாக எண்ணுகிறேன், எனக்கே என்னை ஏமாற்றத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். போன குளிர்காலத்தில் கடைசியாக ஒரு நாள், தலை அசைந்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று இருந்தது, ஹென்ரிக்கே. நான் எழுந்து டீ போட்டுக் குடித்தேன்.

உனக்கு இன்னொன்று தெரியாது. போன செப்டம்பரில், குழந்தை பிறந்ததைச் சொல்லும் அட்டையை உன் மாமியார் எல்லோருக்கும் அனுப்பினார், எனக்கும் வந்தது. ஆகஸ்ட் இருபத்தொன்பது, மூன்று கிலோ நானூறு. எண்ணுவது என் வேலை. பின்னோக்கி எண்ணினேன். ஜனவரியில் நீ தனியாக இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலோரத்துப் போத்தலும் புரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? வயிற்றுக்குள் குழந்தை இருந்த வண்டியை நான் ஆட்டிவிட்டேன். சுவரில் அடித்திருந்தால்? அந்த வாரம்தான் வீட்டைக் காலி செய்துகொண்டு இங்கே வந்தேன். உன் தெருவில் உன் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நீ எதிரே வந்தால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

நீ பயந்ததற்கு எனக்குக் கோபமில்லை. எந்தப் பெண்ணும் பயந்திருப்பாள். சொல்லியிருந்தால் நானே உன்னை மேலேயிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், திட்டியிருப்பேன், உன்னோடு உட்கார்ந்து அழுதிருப்பேன். முன்னால் இருப்பவள் சொல்வதை அப்படியே நம்புவதுதான் பின்னால் இருப்பவளின் வேலை. நான் கேட்டேன், நீ "லேசா" என்றாய். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. எழுதிப் பார்த்தேன்.

இதை எனக்கு மட்டும் சொன்னால் போதாது. நான் எங்கே நின்று சொன்னேனோ அங்கே நின்று நீ சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னேனோ அப்படி. அதற்கப்புறம் எழுது. அதற்கு முன்னால் எழுதினால் பிரிக்கமாட்டேன்.

ரோன்யா


கைசிங், ஜூன் 24, 2018

ரோன்யா,

மறுபடியும் ராத்திரிதான். இன்றைக்கு மார்லா தூங்குகிறாள், நான்தான் தூங்கவில்லை. மன்னித்துக்கொள் என்ற வார்த்தையை இதற்கே செலவழித்தால் மற்றதற்கு மிச்சமிருக்காது, அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை போனேன். கோடை முகாம் என்பதால் எல்லோருமே இருந்தார்கள், இரண்டு வண்டிக்காரிகளும் தள்ளுபவர்களும் மெக்கானிக்குகளும். மார்லாவை ஃபால்க்கிடம் விட்டேன். பெட்டியைக் காரிலிருந்து நானே தூக்கினேன். இவ்வளவு கனம் என்று நினைக்கவில்லை. நீ அன்று பனியில் நிறுத்துமிடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாய். வாசலில் கையில் பெட்டியோடு நின்றதும் முதலில் மெக்கானிக் பையன்கள்தான் சிரித்தார்கள். ஜூன் மாதத்தில் பெட்டி வந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள். "என்ன ஹென்ரிக்கே, தள்ளுவண்டியில குழந்தையக் கவுத்துட்டியா?" என்றான் ஒருவன். உல்மான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வராமல், பழக்கத்தில் கேட்டார்.

"எந்த வளைவு?"

"பன்னிரண்டு" என்றேன். "போன வருஷம் ஜனவரி."

சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, சிலருக்குப் புரியவில்லை. உல்மான் வெளியே வந்து உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு வாரம், கயிறு, நீ என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன். மறுநாள் தலை என்று சொன்னதையும் சொன்னேன், அதுதான் மற்றதைவிடக் கஷ்டமாக இருந்தது. பெட்டியைக் கீழே வைக்க மறந்துவிட்டேன். முடிக்கும்போது இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன.

யாரும் திட்டவில்லை. உல்மான் தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பொண்ணும் இதே இடத்துலதான் நின்னா" என்றார். அப்புறம், "நான்தானே கேட்டேன் அவளை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துணியில் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

மூன்றாவது வண்டியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். கத்திச் சொல்லியிருந்தால் தேவலை.

"நான் வண்டியக் குடுத்துடுவேன். உன் பின்னாடி இனிமே யார் குனிஞ்சு உக்காருவா, சொல்லு."

தள்ளும் பெண்கள் நான்கு பேர் அங்கே நின்றார்கள். ஒருத்திகூட என்னைப் பார்க்கவில்லை. அவர் சொன்னது சரி. எனக்கே என் பின்னால் உட்காரத் தைரியம் வராது.

பெட்டியை மேசையில் வைத்தேன். ஒருவரும் போத்தல் எடுக்கவில்லை. ஒரு மெக்கானிக் பையன் கையை நீட்டிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து இழுத்துக்கொண்டான். அப்படியே விட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் அங்கேயே இருக்கிறதாம், ஃபால்க் பார்த்தானாம். எடுத்தால் தீர்ந்துவிட்டது என்று ஆகுமே.

கார்வரை உல்மான் பின்னாலேயே வந்தார். சங்கத்துக்கு நடந்ததை எழுதித் தருகிறாராம், நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நேற்றே போட்டுவிட்டேன். செப்டம்பர் பதினைந்து தேர்வில் உன்னைப் பார்க்க வேண்டுமாம், எனக்காக இல்லை, முதல் வண்டிக்கு. "அவ கால் இன்னும் அப்படியே இருக்கான்னு தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நாள் முழுக்க லாரிகளுக்கு நடுவில் நிற்கிறாள் என்று மட்டும் சொன்னேன். உன் முகவரி கேட்டார். உன்னைக் கேட்காமல் தரமாட்டேன் என்றேன். உன்னைப் பற்றி உன்னைக் கேட்காமல் ஒரு தடவை பேசியது போதும்.

நீ வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சமதரை பிடித்திருந்தால் அங்கேயே இரு. வந்தாலும் அன்றைக்கு நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். மன்னிக்கச் சொல்லியும் எழுதவில்லை. அந்த முக்காலியில் மட்டும் இனிமேல் உட்காராதே, ரோன்யா. உட்கார்ந்தாலும் பன்னிரண்டில் எதையும் தேடாதே. அங்கே உன்னுடையது எதுவும் இல்லை.

கேட்க வந்தது இவ்வளவுதான். உன் முகவரியை உல்மானிடம் கொடுக்கலாமா, கூடாதா? ஜூலைக் கடைசிக்குள் அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

ஹென்ரிக்கே